அறிவிப்பு எங்கே தோன்ற வேண்டும்

போன மாதம் ஒரு காலையில் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் காப்பி ஆறிப்போயிருந்தது. நான் எழுதி, ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்ட ஒரு சின்ன வசதியை அடுத்த பதிப்பிலிருந்து எடுத்துவிடப் போவதாக எங்கள் மென்பொருள் திட்டத்தின் பொதுப் பலகையில் லூகாஸ் என்பவர் அறிவித்திருந்தார். நான் விட்டுவந்த இடத்தில் இப்போது இருப்பவர் அவர். வேறு நாட்டுக்காரர், இளைஞர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார், இதைப் பயன்படுத்துபவர்களும் குறைவு என்று தோன்றுகிறது, ஆகவே எடுக்கிறோம் என்று காரணம் சொல்லி, கடைசி வரியில் என் பெயரைக் குறிப்பிட்டு நன்றியும் சொல்லியிருந்தார்.

அந்த நன்றிதான் என்னை உட்காரவிடவில்லை. எழுந்து காவிரிப் படித்துறையான அம்மா மண்டபம்வரை நடந்தேன். படியில் ஈரத்துணியோடு நின்றவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. திருச்சியில் கட்டற்ற மென்பொருளில் ஆர்வமுள்ள இளையவர்கள் சிலர் என் வேலை அனுபவத்தை எழுதித் தரும்படி வெகுநாளாகக் கேட்டுவருகிறார்கள். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இந்த ஒரு மாதத்தில் நடந்தவற்றுக்குப் பிறகு எழுதிவிடுவதே நல்லது என்று படுகிறது.

இந்தத் துறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியைத் திறந்ததும் கண்ணில் படும் பரப்பு இருக்கிறதே, கடிகாரம், ஓரத்தில் ஓடும் பட்டை, சன்னல்கள், 'புது மெயில் வந்திருக்கிறது' என்று தோன்றி மறையும் அறிவிப்புப் பெட்டி, இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் டெஸ்க்டாப் என்கிறோம். நாங்கள் செய்தது விலையில்லாத டெஸ்க்டாப். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். யாரும் படிக்கலாம், மாற்றலாம். பல நாடுகளில் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். பெரும்பாலோர் சும்மா எழுதிக்கொடுப்பவர்கள். சிலருக்கு மட்டும் ஏதாவது ஒரு நிறுவனம் சம்பளம் கொடுக்கும். எனக்குப் பெங்களூரில் இருந்த ஒரு நிறுவனம் கொடுத்தது. நான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருச்சியில் கல்லூரி, பிறகு ஒரு தொழிற்சாலையில் ஊழியர் விவரங்களுக்கான நிரல் எழுதும் வேலை. அங்கே யாரும் எதையும் மாற்றிக் கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். டெஸ்க்டாப் வேலைக்கு வந்தபோதுதான், நாம் செய்கிற பொருளைத் தன்னுடையது என்று நினைத்துச் சண்டைக்கு வரும் மனிதர்களை முதன்முதலில் பார்த்தேன்.

எங்கள் குழுத் தலைவர் ஆரோக்கியசாமி சார். திருச்சி மேலப்புதூர்க்காரர். பெங்களூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, என்னைப்போலவே வீட்டிலிருந்து வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் வாசகம் வாசிப்பவர். அதே குரலில்தான் பயனர்கள் எங்களுக்கு எழுதும் குறைகளையும் வாசிப்பார். தினமும் காலையில் வீடியோ அழைப்பில் கூடுவோம். மேஜையில் ஒரு டம்ளர் வெந்நீர் இருக்கும். ஒரு குறை வந்தால் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்த பிறகுதான் பேச்சு. வசவு இருந்தால் வசவையும் வாசிப்பார், ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல்.

வாசித்து முடித்ததும் ஒழுங்கு தொடங்கும். முதலில், அவர் சொன்னதை அவரிடம் இருக்கும் அதே பதிப்பில் நம் கணினியில் செய்து பார்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 'அப்படி நடக்கவில்லை' என்று எழுதக் கூடாது. 'எனக்கு நடக்கவில்லை, உங்களிடம் வேறென்ன மாற்றி வைத்திருக்கிறீர்கள்?' என்று எழுத வேண்டும். பிறகு, குறை நம்முடையதா, வேறு யாருடைய நிரலிலாவது இருக்கிறதா என்று பிரிக்க வேண்டும். செய்ய முடியாது என்று ஒரு குறையை முடித்துவைத்தால், அதாவது மூடினால், காரணத்தை எழுதி அடியில் அவரவர் பெயரைப் போட வேண்டும். 'குழுவின் முடிவு' என்று எழுதினால் சாருக்குப் பிடிக்காது.

"குழுன்னா யாரு? மூடினது நீங்கதானே? உங்க பேரைப் போடுங்க" என்பார்.

புதிதாக ஒரு தெரிவு வேண்டும், இதை இப்படி மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என்று யார் கேட்டாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்விதான். "சரிம்மா. இதை யாரு பாத்துக்கப் போறாங்க?"

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது ஒரு கடிகாரத்தால். நான் சேர்ந்த புதிதில் எங்கள் அமைப்புகள் பக்கத்தில் தெரிவுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒரு பயனருக்குக் கடிகாரம் காணாமல் போயிற்று. எங்கள் யாருடைய கணினியிலும் போகவில்லை. வாரக்கணக்கில் தேடினோம். பட்டை தானாக ஒளிந்துகொள்ள வேண்டும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், கடிகாரம் நொடியும் காட்ட வேண்டும் என்று மூன்றையும் ஒன்றாக வைத்தால்தான் கடிகாரம் இடம் போதாமல் திரைக்கு வெளியே போகிறது என்று கடைசியில் தெரிந்தது. தனித்தனியாக மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன. சேர்த்து வைத்து யாரும் பார்த்ததே இல்லை.

"ஒரு டிக் பாக்ஸ்னா ரெண்டு டெஸ்க்டாப். பத்து டிக் பாக்ஸ்னா ஆயிரத்துக்கு மேல டெஸ்க்டாப்மா" என்றார் சார். "நம்ம எத்தனை பேரு இருக்கோம்?"

அன்றிலிருந்து தெரிவுகளை எடுத்துவிடுவது என் வேலையாயிற்று. அந்த வேலை எனக்குப் பிடித்தே இருந்தது. எடுக்க எடுக்க நிரல் இலகுவாயிற்று. குறைகள் குறைந்தன. புதிதாக வருபவர்கள் மிரளாமல் பழகினார்கள். பழைய பயனர்கள்தான் சும்மா இருக்கவில்லை.

திரையின் பின்னணியில் கோப்புகளைப் பரப்பி வைக்கும் வசதியை ஒரு பதிப்பில் எடுத்தோம். பலகை கொதித்தது. சர்வாதிகாரிகள் என்றார்கள். நீங்கள் போடும் பிச்சையை யார் கேட்டது என்றார்கள். சம்பளம் வாங்காமல் மாலை நேரங்களில் எங்களுக்கு எழுதிக்கொடுத்துவந்த வெளிநாட்டு நண்பர் ஒருவர் அந்த வசவுகளைத் தாங்க முடியாமல் விலகினார். திரும்பி வரவேயில்லை. எனக்கு வந்ததில் ஒன்று, பெண்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் உலகம் நன்றாக இருக்கும் என்று ஆரம்பித்தது.

மறுநாள் காலை சார் அதையும் முழுதாக வாசித்தார். அழைப்பைத் துண்டித்துவிடலாமா என்று நான் கையை வைத்துவிட்டேன். முடித்ததும் அவர் கொஞ்சம் வெந்நீர் குடித்தார்.

"முதல் ரெண்டு பாரா குப்பை. இவரைத் தடை பண்ணியாச்சு. மூணாவது பாராவுல ஒண்ணு சொல்றாரு, கவனிச்சீங்களா? ஒரு ஃபைலை ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு இழுத்துட்டுப் போனா நடுவுல வச்சுக்க எடமே இல்லைங்கிறாரு. அது நிஜம்தான். அதை மட்டும் புதுசா ஒரு பதிவாப் போட்டுடுங்க."

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் போட்டேன். பின்னால் அதைச் சரிசெய்ததும் நான்தான்.

இவ்வளவும் சொல்வது ரெஹானா என்ற ஒரு பயனரின் விஷயம் ஏன் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று விளங்குவதற்காக.

அறிவிப்புப் பெட்டி திரையின் மேல்பகுதியில், நடுவில்தான் தோன்றும் என்று ஒரு பதிப்பில் முடிவு செய்தோம். அதற்குமுன் அவரவர் விரும்பிய மூலையில் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தெரிவை எடுத்தது நான். அதன்பிறகு யாரோ ஒரு வெளியாள், பெட்டியைப் பழையபடி நகர்த்தித் தரும் ஒட்டு நிரல் ஒன்றை எழுதிப் பரப்பினார். நாங்கள் புதுப் பதிப்பு வெளியிடும்போதெல்லாம் அது உடையும். அவர் ஒட்டுவார். மறுபடி உடையும். ஒரு கட்டத்தில் அவரும் விட்டுவிட்டார்.

அப்போது ஒரு குறை வந்தது. ஆங்கிலத்தில், மூன்றே வாக்கியம். 'அறிவிப்பை மேலே கொண்டுபோய்விட்டீர்கள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. இருந்த இடத்தில் வையுங்கள்.'

இடம் வடிவமைப்பு முடிவு, மாற்ற உத்தேசமில்லை என்று காரணத்தோடு எழுதி, பெயரைப் போட்டு மூடினேன். எழுதியவர் மறுபடி திறந்தார். மறுபடி மூடினேன். மூன்றாவது முறை திறந்தபோது, உங்கள் திரையைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பதுதான்.

வந்த படத்தைப் பார்த்ததும் கணினி கெட்டிருக்கிறது என்று நினைத்தேன். திரையில் பெரும்பகுதி வெறும் கறுப்பு. இடது கீழ்மூலையில், ஒரு தபால் அட்டை அளவு இடத்துக்குள், கடிகாரம், பட்டை, சன்னல் எல்லாவற்றையும் நெருக்கி அடுக்கியிருந்தது. கறுப்புமேல் மஞ்சள் எழுத்து. அத்தனையும் தமிழில். கடிகாரத்துக்குப் பக்கத்தில் வெயிலின் அளவு காட்டும் சின்னப் பெட்டியில் ஊர்ப்பெயர் இருந்தது: திருச்சிராப்பள்ளி.

உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வருகிறது என்று நினைத்திருந்த கோபம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. தமிழில் எழுதினேன்: 'நானும் திருச்சிதான், ஸ்ரீரங்கம். நேரில் வந்து பார்க்கலாமா?' உடனே பதில் வந்தது: 'வாங்க. வந்து பாத்தாத்தான் உங்களுக்குத் தெரியும்.'

அவர் வேலை பார்த்தது தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். பஸ் பிடித்துச் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் போனேன். ரெஹானாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். உறையூரிலிருந்து வருகிறவர். பரிசோதனை முடிவுகளைத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, நோயாளிக்கு அனுப்பி வைப்பது அவர் வேலை. விழித்திரையில் ஒரு நோய். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், நடுவில் மட்டும் தெளிவாக இருக்கும். அந்த நடுப்பகுதி அவருக்கு ஒரு தபால் அட்டை அளவுக்கு வந்திருந்தது.

"நீங்கதான் மூடினவங்களா?" என்றார், என் குரலைக் கேட்டதும்.

"ஆமாங்க. நான்தான், அமுதா."

"உக்காருங்க மேடம். இந்தப் பக்கம் வாங்க. அந்தப் பக்கம் உக்காந்தா நீங்க இருக்கறதே எனக்குத் தெரியாது."

ஒரு மதியம் முழுதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பக்கத்திலேயே திரையின் கீழ்மூலையைப் பார்ப்பார். தாளுக்கும் திரைக்கும் இடையே பார்வை விரற்கடை தூரம்தான் நகரும். அந்த மூலையில் எது எங்கே இருக்கிறது என்று அவர் பல வருடங்களாகப் பழக்கி வைத்திருந்தார். என்னைவிட வேகமாக வேலை செய்தார்.

அங்கே அறிவிப்பு வெறும் மெயில் சமாசாரம் இல்லை. டாக்டர் ஒரு முடிவைச் சந்தேகப்பட்டால், 'இதை அனுப்பாதே, நிறுத்து' என்று அவருடைய அறையிலிருந்து அனுப்புவார். அது அறிவிப்புப் பெட்டியாக வரும். கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் புதுப் பதிப்பைப் போட்டதும் ஒட்டு நிரல் உடைந்தது. பெட்டி மேலே, நடுவில் தோன்றிச் சில நொடிகளில் மறைந்தது. லால்குடியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரின் ரத்த மாதிரி எடுத்த விதத்தில் சிதைந்திருந்தது. அப்படிச் சிதைந்தால் பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். நிறுத்து என்று டாக்டர் அனுப்பியிருக்கிறார். ரெஹானா அதைப் பார்க்கவில்லை. முடிவு போய்விட்டது. அந்த அளவைப் பார்த்த குடும்பம் பெரியவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறது. அங்கே மறுபடி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"முதலாளி என்னைக் கூப்பிட்டு, 'கண்ணு தெரியலைன்னா சொல்லிடும்மா, வேற ஆளைப் பாத்துக்கறோம்'னாரு. கண்ணு தெரியுது சார், கம்ப்யூட்டர்லதான் இடம் மாறிப்போச்சுன்னேன். சிரிக்கிறாரு" என்றார் ரெஹானா.

அறிவிப்பு வந்தால் ஒலி எழுப்பும்படி வைக்கலாமே என்றேன். "இங்க மெஷினெல்லாம் நாள் பூரா கத்திக்கிட்டே இருக்கு மேடம். இதுவும் கத்துனா எது எதுன்னு எப்படித் தெரியும்?" பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டால் என்ன என்றேன். "அதையும் கேட்டாச்சு. பழசுல பாதுகாப்பு இல்லைன்னு நீங்கதான் எழுதிப் போட்டிருக்கீங்களாமே."

கிளம்பும்போது, கோபமில்லாத குரலில் சொன்னார். "உங்க டெஸ்க்டாப் ரொம்ப அழகா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கட்டுங்க. எனக்கு அதைப் பாக்க எடம் பத்தலை."

மறுநாள் காலை சாரிடம் சொன்னேன். அவர் அந்தக் குறையை முதலிலிருந்து வாசித்தார். ரெஹானாவின் மூன்று வாக்கியம். என் பதில், அடியில் அமுதா. அவர் திறந்தது. நான் மூடியது, அடியில் அமுதா. என் பெயர் அந்தக் குரலில் வரும்போதெல்லாம் நாற்காலியில் நெளிந்தேன்.

"அமைப்புகள்ல பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்கான பக்கம் ஒண்ணு இருக்குல்ல, இந்தத் தெரிவை அங்க வச்சிடுங்க. அதுக்கு நான் தடை சொல்ல மாட்டேன். கேக்க வேண்டியதே இல்லை" என்றார்.

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் ரெஹானாவுக்குப் போன் செய்தேன்.

"அங்க வைக்காதீங்க மேடம்."

"ஏங்க?"

"அந்தப் பக்கத்துல சக்கர நாற்காலி படம் போட்டிருக்கீங்க. என் கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கம் திறந்திருக்கறதை முதலாளி ஒரு தடவை பாத்தாப் போதும், என் வேலை போயிடும். அதை விடுங்க. கண்ணு நல்லா இருந்தப்பவும் நான் இதை அந்த மூலையிலதான் வச்சிருந்தேன். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான். என் மேஜையில டம்ளரை எங்க வைக்கணும்னு டாக்டர் சர்டிபிகேட் கேப்பீங்களா?"

சாரிடம் போய் அதை அப்படியே சொன்னேன். அவர் கேமராவை அணைத்தார். யோசிக்க வேண்டும் என்றால் அப்படிச் செய்வார். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன்.

"நியாயமாத்தான் பேசுறாங்க" என்றது குரல். "ஆனா அவங்க சொல்றபடி பாத்தா இது எல்லாருக்குமான தெரிவு ஆயிடுது. அப்ப நான் வேண்டாம்னுதான் சொல்லணும். அந்தக் கடிகாரத்தை மறந்துட்டீங்களா? சரி, யாரு பாத்துக்கப் போறாங்க?"

"நான் பாத்துக்கறேன் சார்."

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கற வரைக்கும்."

"அப்புறம்?"

பிறகு கேமரா வந்தது. என் பெயரை அந்த நிரலின் பொறுப்பாளராகப் பதிந்துவிட்டு, பொதுப் பக்கத்திலேயே வைக்கும்படி சொன்னார். சம்மதித்ததில் தனக்குத் திருப்தியில்லை என்பதை முகத்தில் அவர் மறைக்கவில்லை.

அவர் பயந்ததில் எதுவும் பொய்யாகவில்லை. இரண்டு திரை வைத்திருப்பவர்களுக்குப் பெட்டி எந்தத் திரைக்குப் போவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே வெட்டுப்பட்டது. வலமிருந்து இடமாக எழுதும் மொழிக்காரர்களுக்கு இடது மூலை வலது மூலையாயிற்று. ஒவ்வொரு பதிப்பிலும் ஏதோ ஒன்று. உட்கார்ந்து சரிசெய்தேன். தீபாவளி, பொங்கல் என்று பார்க்க முடிந்ததில்லை. ரெஹானாவின் வேலை தங்கியது. அவர் நன்றி என்று ஒரு வரி எழுதினார், கூடவே கடிகாரத்தின் எழுத்து மங்கலாக இருக்கிறது என்று புதிதாக ஒரு குறையும். நாளடைவில் மேடம் போய் அக்கா ஆனேன். சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். பிறகு நானும்.

லூகாஸின் அறிவிப்பைப் படித்த அன்று ரெஹானாவை அழைத்தேன். வீட்டுக்கு வரச் சொன்னார். உறையூர் போனேன். நாங்கள் நேரில் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தவர் என் முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தபால் அட்டையும் போய்விட்டிருந்தது.

அவர் வேலையை விட்டிருக்கவில்லை. அதே கூடத்துக்கு வீட்டிலிருந்தே போன் எடுத்து, நேரம் குறித்துக் கொடுக்கிறார். கணினி திரையில் உள்ளதை வாசித்துச் சொல்ல, அதைக் காதில் கேட்டு வேலை செய்கிறார். அது வாசித்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

"அறிவிப்பு எந்த மூலையில வந்தா எனக்கென்னக்கா இப்ப? எல்லாம் காதுலதான் வருது" என்றார். உடனே அடுத்த புகார். "ஆனா ஒண்ணு. அவனவன் இஷ்டத்துக்குப் பட்டனை வரைஞ்சு வச்சிருக்கான். ஒண்ணுக்கும் பேரில்லை. 'பொத்தான், பொத்தான்'னு வாசிச்சுக்கிட்டே போகுது. எல்லாரும் ஒரே மாதிரி வச்சாத்தான் என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதைத்தான் ரெஹானா எங்க சார் இத்தனை வருஷமாச் சொன்னாரு."

"அவரு சொன்னது வேற. நான் அப்பச் சொன்னதும் சரி, இப்பச் சொல்றதும் சரி."

"அப்ப அந்த வசதியை அவங்க எடுத்துட்டுப் போகட்டுமா?"

அவர் முகம் மாறிவிட்டது. "எனக்கு வேண்டாம்கிறதுக்காக எடுப்பீங்களாக்கா?"

அன்று மாலை பலகையில், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பயனராகக் குறை பதிந்தேன். எடுக்காதீர்கள், காரணம் இவை என்று எழுதினேன். மறுநாளே லூகாஸ் மூடினார். காரணம் இருந்தது, அடியில் பெயரும் இருந்தது. நான் எத்தனையோ பேருக்கு எழுதிய அதே வகைப் பதில்தான். வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்தேன். மூன்று பதில் எழுதி மூன்றையும் அழித்தேன். அதற்குள் வேறு யாரோ ஒருவர் கீழே எழுதியிருந்தார், லூகாஸின் பிறப்பைப் பற்றி, அவர் நாட்டைப் பற்றி, கேவலமாக. அவருக்குச் சிலர் கைதட்டியும் இருந்தார்கள்.

அவர்கள் என் பக்கத்து ஆட்கள். எனக்காகப் பேசுவதாகத்தான் நினைத்தார்கள். லூகாஸ்மேல் எனக்கும் கோபம் இருந்தது. ஆனால் விலகிப்போன அந்த நண்பரின் முகம் கண்முன் வந்தது. 'இவர் முடிவு தவறு என்று நான் நினைக்கிறேன். அதற்காக இவரை இப்படிப் பேசுகிறவர்கள் என்னோடு சேர வேண்டாம்' என்று எழுதிவிட்டு, குறையை மறுபடி திறந்தேன். சிறிது நேரத்தில் லூகாஸிடமிருந்து தனியாக ஒரு செய்தி: 'நாம் பேசலாமா?'

முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த வசதி இருக்கிறது. அடுத்த பதிப்பிலும் இருக்கும். லூகாஸ் தன் மனத்தை மாற்றிக்கொண்டது என் வாதத்தால் இல்லை. என் வாதத்தை அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நல்ல பதிலே சொன்னார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

அந்த அழைப்பில் ரெஹானாவையும் சேர்த்திருந்தேன். "நான் வந்தா சண்டைதான் போடுவேன்கா" என்றார். "அதுக்குத்தான் கூப்பிடுறேன்" என்றேன். அவர் தமிழில் பேசினார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தான் யார், அந்த மூலையில் என்னென்ன வைத்திருந்தார், லால்குடிப் பெரியவருக்கு என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் சொன்னார். லூகாஸ் குறுக்கிடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டார்: உங்களுக்கே இப்போது இது தேவையில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் யாருக்காகக் கேட்கிறீர்கள்? ஒருவர் பெயராவது சொல்ல முடியுமா?

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் ரெஹானா பதில் சொல்லிவிட்டார்.

"தெரியாதுங்க. நான் கேட்டப்ப என்னையும் உங்களுக்குத் தெரியாதுல்ல?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். லூகாஸ் இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார். சொன்னேன்.